சுண்டைக்காயும் சுமைகூலியும்

உத்தியோகம் புருஷ லட்சணம் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்த உத்தியோகம் வீட்டு வாசற்படியிலிருந்து எத்தனை மைல் தூரத்தில் இருந்தால் லட்சணம், எத்தனை மைலுக்கு அப்பால் போனால் அவலட்சணம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அவர்கள் பேரில் குற்றமில்லை. அந்தக் காலத்தில் உழுகிறவனுக்கு வயல் ஊர்க்கோடியில் இருந்தது. நெய்கிறவனுக்குத் தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. கணக்கு எழுதுகிறவனுக்கு மிஞ்சிப் போனால் அடுத்த தெரு. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் ஒரேயடியாகக் கப்பலேறிப் பர்மாவுக்கோ மலாய் நாட்டுக்கோ போய்விடுவார்கள். காலையில் முப்பது மைல் போய், மாலையில் அதே முப்பது மைலைத் திரும்பக் கடந்து வருவது என்பது அவர்கள் கனவிலும் கண்டிராத சங்கதி.

இப்போது காலம் மாறிவிட்டது. உத்தியோகம் ஸ்திரீகளுக்கும் லட்சணமாகிவிட்டது. தூரம் இரு பாலாருக்கும் பொதுவாகிவிட்டது. சென்னைப் பட்டணத்தில் எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும், "பக்கத்தில் இருக்கிற வேலையா, அதிகப் பணம் தருகிற வேலையா?" என்ற கேள்வி ஒரு தடவையாவது கதவைத் தட்டியிருக்கும். சென்ற மாதம் அது எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிற்று. நாங்கள் சொன்ன விடை நேயர்களுக்குப் பயன்படாமற் போகலாம். ஆனால் அந்த விடைக்கு வந்து சேர்ந்த வழி சிலருக்காவது பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

நான் திருவொற்றியூர்வாசி. தேரடிக்கு அருகில் ஒரு சந்தில் வீடு. இராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டு காரியாலயத்தில் கணக்கு எழுதுகிற உத்தியோகம். துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கும் அங்கிருந்து போகும் சரக்குக்கும் பில் போடுவது, சுங்க வரிக்குப் பணம் கட்டியதைப் பதிவது, லாரிக்காரர்களோடு வாக்குவாதம் செய்வது ஆகியவை என் கடமைகள். கைக்கு வருகிற சம்பளம் மாதம் 32,000 ரூபாய். வீட்டுக்கும் காரியாலயத்துக்கும் சுமார் ஆறு கிலோமீட்டர் தூரம். கண்டெய்னர் லாரிகள் துறைமுக வாசலை நோக்கி அணிவகுத்து நிற்கும் நாட்களில் அந்த ஆறு கிலோமீட்டரும் அறுபதாகத் தோன்றும். காசிமேட்டு மீனின் வாசனையை மூக்கு முழுவதும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். என்றாலும், நல்ல நாளையும் கெட்ட நாளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் போக அரைமணி, வர அரைமணி.

இந்த நிலைமையில், ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் உள்ள ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. அதே கணக்கு வேலைதான். கைக்கு 45,000 ரூபாய்.

பதின்மூவாயிரம் ரூபாய் அதிகம்! நூற்றுக்கு நாற்பது பங்கு உயர்வு! செய்தி எப்படித்தான் பரவியதோ, மறுநாளே உறவினர்கள் வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "தூரமாயிற்றே என்று யோசிக்கிறேன்" என்றால், "அதுதான் இப்போது மெட்ரோ ரயில் வந்துவிட்டதே!" என்றார்கள். "ரயிலில் உட்கார்ந்து நிம்மதியாகப் பத்திரிகை படித்துக்கொண்டு போகலாமே!" என்றார் ஒருவர். பத்திரிகை படிப்பதற்காக ஒருவனை ஐம்பது கிலோமீட்டர் அனுப்புவது கொஞ்சம் அதிகமான பத்திரிகாபிமானம் என்று எனக்குத் தோன்றிற்று.

*

எதையும் பார்க்காமல் தீர்மானிக்கக் கூடாது என்று, ஒரு வேலை நாளில் லீவு போட்டுவிட்டு ஒத்திகை பார்த்தேன். இந்த மாதிரி யோசனையில் இருக்கும் நேயர்கள் எல்லோருக்கும் இந்த ஒத்திகையைச் சிபாரிசு செய்கிறேன். கையில் இருக்கும் டெலிபோன் காட்டுகிற தேசப்படம், தூரத்தைச் சொல்லும். சட்டை கசங்குவதைச் சொல்லாது.

காலை ஆறேகாலுக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டேன். தேரடி ஸ்டேஷனுக்கு நடந்து போய் மெட்ரோவில் ஏறினேன். ரயில் எங்கள் பக்கத்துக் கோடியிலிருந்தே கிளம்புவதால் உட்கார இடம் கிடைத்தது. தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, மண்ணடி, சென்ட்ரல் எல்லாம் தாண்டிக் கிண்டியில் இறங்கினேன். அங்கே அந்தத் தொழிற்சாலையின் பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொள்கிறது. போரூர், பூந்தமல்லி வழியாகப் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி இருபது நிமிஷம். மாலையில் அதே வழியில் திரும்பினேன். கிண்டியிலிருந்து நின்றுகொண்டே வந்தேன். போவதற்கு இரண்டு மணி ஐந்து நிமிஷம். வருவதற்கு இரண்டு மணி இருபத்தைந்து நிமிஷம். இரண்டும் சேர்ந்து நாலரை மணி.

அன்று இரவு சாப்பிட்டுவிட்டுக் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். கணக்குப் பிள்ளைக்கு வேறு என்ன தெரியும்?

இப்போது பிரயாணத்துக்கு நாளொன்றுக்கு ஒரு மணி. புதிய வேலையில் நாலரை மணி. அதிகப்படி மூன்றரை மணி. மாதத்தில் 25 வேலை நாள் என்றால் எண்பத்தேழரை மணி. எட்டு மணி வேலை நாளாகப் பார்த்தால், மாதத்துக்குப் பதினோரு நாள் வேலை! வருஷத்துக்கு 1,050 மணி. இரவு பகல் சேர்ந்த முழு நாளாகக் கணக்கிட்டால் 43 நாளுக்கு மேல். ஒரு மண்டலம் விரதம் இருப்பவர்கள்கூட 48 நாளில் முடித்துவிடுகிறார்கள். நான் அதற்குச் சற்றுக் குறைவான காலத்தை வருஷா வருஷம் வழியிலேயே கழிக்க வேண்டியிருக்கும்.

இனிப் பணத்தைப் பார்ப்போம். வழிச்செலவு இப்போது மாதம் 800 ரூபாய். அது 2,600 ஆகும். ஆகவே அதிகப்படி 1,800. விடியற்காலையில் வீட்டில் சாப்பிட முடியாது. வெளியே சிற்றுண்டிக்கு 1,500. பத்தாம் வகுப்பை முடித்து மேலே படிக்கும் என் பெண்ணுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறவன் நான். எனக்குப் பதில் ஒரு டியூஷன் வாத்தியாருக்கு 1,500. தெரு அடி பம்பில் காலை ஆறு மணிக்குத்தான் தண்ணீர் வரும். நான் இல்லாவிட்டால் குடம் தூக்கி வருகிறவருக்கு 700. ஆக மொத்தம் 5,500 ரூபாய். பதின்மூவாயிரத்தில் மிச்சம் ஏழாயிரத்து ஐந்நூறு.

ஏழாயிரத்து ஐந்நூறை எண்பத்தேழரை மணியால் வகுத்தால், மணிக்கு 86 ரூபாய்கூடத் தேறவில்லை. நான் இப்போது நாளுக்கு எட்டு மணி வீதம் மாதம் 200 மணி வேலை செய்து 32,000 வாங்குகிறேன். மணிக்கு 160 ரூபாய். அதாவது, 160 ரூபாய் பெறுமானமுள்ள என் நேரத்தை 86 ரூபாய்க்கு விற்கச் சொல்லி அழைப்பு வந்திருந்தது! வேறு விதமாகவும் போட்டுப் பார்த்தேன். வாசற்படியைத் தாண்டியது முதல் திரும்ப வந்து செருப்பைக் கழற்றுவது வரை எல்லாமே வேலை நேரம் என்று வைத்துக்கொண்டு, செலவையும் கழித்தால், இப்போது எனக்கு மணிக்கு 139 ரூபாய் கிடைக்கிறது. புதிய உத்தியோகத்தில் 124 ரூபாய். சம்பளம் நூற்றுக்கு நாற்பது உயர்கிறது, மணிக்கூலி குறைகிறது!

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். சுண்டைக்காய் வாங்கப் போகிறவன் சுமைகூலியைக் கேட்டுவிட்டுப் போகிறான். சம்பளம் வாங்கப் போகிறவன்தான் கேட்பதில்லை. ஏனென்றால் இங்கே கூலியாள் அவனே.

*

இந்தக் கணக்கு எனக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் வடசென்னையின் சரித்திரமே ஒரு விதத்தில் தூரத்தின் சரித்திரந்தான்.

தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி எங்கள் இராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. சென்ட்ரல் ஸ்டேஷன் பிறந்தது அதற்குப் பதினேழு வருஷத்துக்குப் பின், 1873-இல். தூரத்தைச் சுருக்கும் வித்தை இந்தப் பக்கத்துக்குத்தான் முதலில் வந்தது. ஆனால் இங்கே வந்து குடியேறிய ஜனங்கள், ரயிலேறி எங்கேயோ வேலைக்குப் போகலாம் என்று வரவில்லை. துறைமுகமும் ஆலையும் இருக்கும் இடத்தைத் தேடி வந்து, ஆலைச் சங்கு ஊதினால் காதில் விழுகிற தூரத்தில் வீடு போட்டுக்கொண்டார்கள். பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் இருந்தன. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் தொழிற்சாலை வைத்தது. 1955-இல் அதுவே அசோக் லேலண்டு ஆயிற்று. அதே 1955-இல் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை தோன்றிற்று. தீப்பெட்டி, உரம், இரும்புச் சாமான் என்று பல தொழில்கள் வந்தன. புகையும் வந்தது; ஆனால் வேலை வாசலில் இருந்தது.

அப்புறம் வேலை மெள்ள மெள்ள இடம் பெயர்ந்தது. பெரம்பூர் மில்கள் 1996-இல் மூடப்பட்டன. 1998-இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஹுண்டாய்க் கம்பெனி கார் செய்ய ஆரம்பித்தது. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் எழுந்தது. திருவொற்றியூரில் வளர்ந்த ராயல் என்பீல்டு கம்பெனியே தன் அடுத்த பெரிய தொழிற்சாலையை 2013-இல் ஒரகடத்தில் திறந்தது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் நிறுத்தப்பட்டது. வேலை தெற்கேயும் மேற்கேயும் போயிற்று. ஜனங்கள் வடக்கிலேயே இருந்தார்கள். நடுவில் விழுந்த தூரத்தை யார் சுமப்பது என்று எவரும் பேசவில்லை. பேசாவிட்டால் சுமை யார் தலையில் வந்து உட்காரும் என்பது தெரிந்ததே.

வேலை நேரத்துக்காக வாதாடிய பெரியவர்களும் இந்தப் பட்டணத்தில் இருந்தார்கள். 1918-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டது. வாடியா அதன் தலைவர், நமது திரு. வி. க. உபதலைவர். 1923-ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதி, இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நமக்கு என்று உலகத்துத் தொழிலாளர்கள் நாளை மூன்றாகப் பங்கிட்டார்கள். சுதந்திர இந்தியாவில் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டிற்று. இத்தனை பாடுபட்டுப் போட்ட பங்கீட்டில் வழிப் பிரயாணத்துக்கென்று ஒரு பங்கு வைக்கவில்லை. சங்கு கேட்கும் தூரத்தில் வீடு இருந்த காலம். வைக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்றைக்கோ, எட்டு மணி வேலைக்குப் பக்கத்தில் நாலரை மணிப் பிரயாணம் வந்து உட்கார்ந்தால், அது நம்முடைய எட்டு மணியில்தான் கை வைக்கிறது. உறக்கத்தில் கை வைத்தால் உடம்பு உடனே சண்டைக்கு வரும். வீட்டில் இருக்கும் நேரம் சண்டைக்கு வராது.

சட்டம் இதை முற்றிலும் காணாமல் இருந்துவிடவில்லை. 2010-இல் ஈ. எஸ். ஐ. சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்து நேர்ந்தால், வேலையோடு அதற்குள்ள சம்பந்தம் நிலைநாட்டப்படும் பட்சத்தில், அதை வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ள வேண்டும் என்பது அந்தத் திருத்தம். கால் ஒடிந்தால் வழியும் வேலையைச் சேர்ந்தது. ஒடியாமல் பத்திரமாகப் போய் வந்தால் மட்டும் அது நம் சொந்த விவகாரம்!

மேல்நாட்டு அறிஞர்களும் இந்த விஷயத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். பொருளாதார நூலோர் சொல்வது, தூரம் போகிறவனுக்கு அந்தக் கஷ்டத்துக்கு ஈடாக அதிகச் சம்பளமோ குறைந்த வாடகையோ கிடைத்துவிடும்; இல்லாவிட்டால் அவன் போகமாட்டான் என்பது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஸ்டுட்சர், ஃப்ரே என்னும் இரு பேராசிரியர்கள், ஜெர்மன் குடும்பங்களிடம் வருஷக் கணக்காகத் திரட்டிய விவரங்களை வைத்துக்கொண்டு இதைப் பரிசோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். பிரயாணம் நீள நீள, வாழ்க்கையில் தங்களுக்குள்ள திருப்தி குறைவென்றே ஜனங்கள் சொல்லியிருந்தார்கள். கிடைத்த ஈடு போதவில்லை. மனிதர்கள் பணத்தை எண்ணுகிற திறமையோடு அலுப்பை எண்ணுவதில்லை போலும்.

இத்தாலிய விஞ்ஞானியான மார்செட்டி என்பவர் 1994-இல் இன்னொரு விஷயத்தை எடுத்துக் காட்டினார். கால்நடையாகப் போன காலத்திலும் சரி, மோட்டாரில் போகும் காலத்திலும் சரி, மனிதன் நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணி நேரத்தைத்தான் போக்குவரத்துக்கு ஒதுக்குகிறான். வாகனம் வேகமானால் நேரத்தை மிச்சம் பிடிக்காமல் தூரத்தைக் கூட்டிக்கொள்கிறான் என்றார் அவர். எங்கள் மெட்ரோவே இதற்குச் சாட்சி. 2021 பிப்ரவரியில் அது விம்கோ நகர் வரை நீண்டது. நீண்டிராவிட்டால், ஸ்ரீபெரும்புதூருக்குத் தினமும் போய் வரலாம் என்று என்னிடம் சொல்ல எவருக்கும் தைரியம் வந்திராது.

*

இவ்வளவு சாட்சியங்களையும் திரட்டிக்கொண்டு வீட்டு மகாசபையைக் கூட்டினேன். வழக்கு ஏகமனதாக முடிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். அங்கேதான் விஷயம் வேறு விதமாகப் போயிற்று.

முதலில் பேசியவள் என் பெண். "அப்பா, உங்கள் கணக்கில் மிச்சம் ஏழாயிரத்து ஐந்நூறு என்கிறீர்கள். நான் கல்லூரிக்குப் போக இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. இருபத்துநாலு மாதத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். அதை மணியால் வகுத்தால் கொஞ்சமாகத் தெரிகிறது. வகுக்காமல் பார்த்தால் கொஞ்சமா?" என்றாள்.

நான் சொல்லிக் கொடுத்த கணக்கு என்னிடமே திரும்பி வந்தது. பதில் சொல்லத் தெரியவில்லை. மணிக்கு 86 ரூபாய் என்பது எனக்கு அவமானமாகப் பட்டது. ஆனால் கல்லூரி வாசலில் பணம் கட்டச் சொல்லுகிறவர்கள், இது எந்த விலைக்கு விற்ற நேரம் என்று கேட்கப் போவதில்லை.

அடுத்தபடி என் மனைவி. அவள் காலாடிப்பேட்டையில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. "நீங்கள் ஆறேகாலுக்குப் புறப்பட வேண்டுமானால் நான் நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். அது உங்கள் காகிதத்தில் எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்டாள். காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "சிற்றுண்டிக்கு 1,500 எழுதியிருக்கிறீர்கள். மத்தியானச் சாப்பாடு தானாக டப்பாவில் வந்து ஏறிக்கொள்ளுமோ?" என்றும் கேட்டாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் ஒரு தடவை அண்ணாநகரில் அதிகச் சம்பளத்துக்கு வேலை வந்தது. அப்போது இவள் முதல் வகுப்பு. நான் வருகிற வரைக்கும் பள்ளிக்கூட வாசலில் நிற்பாளே என்று போகவில்லை. அன்றைக்கு நான் காகிதமும் எடுக்கவில்லை, பென்சிலும் எடுக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி அடங்குவதற்குள் தீர்மானித்தாகிவிட்டது."

2021 மே மாதத்திலிருந்து நம் மாகாணத்தில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் ஸ்திரீகளுக்குக் கட்டணம் கிடையாது. எத்தனையோ வீடுகளுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் டிக்கெட்டின் விலையைத்தான் சர்க்கார் எடுத்துவிட முடிந்தது. நேரத்தின் விலை அப்படியே இருக்கிறது. ஆண்கள் அதைச் சம்பளத்தால் வகுத்துப் பார்க்கிறார்கள். பெண்கள், குழந்தை எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று பார்க்கிறார்கள். இரண்டாவது அளவுகோல்தான் சரியானது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

கடைசியில் என் தாயார். எழுபத்தாறு வயது. "உன் அப்பா தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தார். மத்தியானச் சங்கு ஊதினால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். நீ மத்தியானம் வருவதில்லை. சரி, காலம் அப்படி. இனிமேல் விளக்கு வைத்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வருவாயா? அதற்குள் நான் தூங்கிவிடுவேனேப்பா!" என்றாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் என்ற தகவலைத்தான் சொன்னாள்.

வீட்டையே அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டால் என்ன என்றும் பேசினோம். என் சுமை குறையும். ஆனால் மனைவியின் பள்ளிக்கூடம், பெண்ணின் பள்ளிக்கூடம், தாயார் ஐம்பது வருஷமாகப் பழகிய கோயிலும் அண்டை அயலும், எல்லாம் தூரமாகிவிடும். ஒருவன் சுமந்த தூரத்தை மூன்று பேருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதாகவே அது முடியும்.

*

மறுநாள் என் முதலாளியிடம் விஷயத்தை உள்ளபடி சொன்னேன். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, கேட்காமல் போவது நியாயமில்லை என்று சொன்னேன். அவர் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். மூன்றாவது நாள் மாதத்துக்கு நாலாயிரம் கூட்டித் தருவதாகச் சொன்னார். அதற்கு மேல் தம்மால் முடியாது என்றும் சொன்னார். அவருடைய கணக்கை எழுதுகிறவன் நானேயாகையால் அது உண்மை என்று எனக்குத் தெரியும்.

இப்போது வித்தியாசம் மாதம் மூவாயிரத்து ஐந்நூறு. எண்பத்தேழரை மணியால் வகுத்தால் மணிக்கு நாற்பது ரூபாய்.

அன்று இரவு பெண்ணிடம் காகிதத்தைக் கொடுத்தேன். "இரண்டு வருஷத்தில் உனக்கு 84,000 ரூபாய் நஷ்டம். அதை மறைக்க வேண்டியதில்லை. கல்லூரி சமயத்தில் பாங்கியில் கடன் வாங்க வேண்டி வரலாம். நீ என்ன சொல்லுகிறாய்?" என்று கேட்டேன். அவள் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த டியூஷன் வாத்தியார் உங்களைப்போல் கோபித்துக்கொள்ளாமல் சொல்லிக்கொடுப்பார் என்று நினைத்தேன். பரவாயில்லை" என்றாள். அவளுடைய சம்மதம் அந்த ரூபத்தில் கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தனம் தெரிவித்துக் கடிதம் எழுதிவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு, தூரத்து வேலையே கூடாது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எங்கள் சந்திலேயே ஒரு வாலிபன் இருக்கிறான். இங்கே பதினாலாயிரம் வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு ஒரகடத்தில் இருபத்துநாலாயிரம் கொடுத்தார்கள். கல்யாணமாகவில்லை, வீட்டில் அவனுக்காகக் காத்திருக்கும் வேலை ஒன்றுமில்லை. இங்கே கற்க முடியாத இயந்திர வேலையை அங்கே கற்கிறான். மூன்று வருஷம் பழகிவிட்டு, அந்தத் திறமையைக் கொண்டு பக்கத்திலேயே நல்ல வேலை தேடுவேன் என்கிறான். அவன் போனதுதான் சரி. ஒரு வேலைக்காக நடக்கிற தூரம், வேறு ஒரு படிக்குக் கொண்டுபோய் விடுமானால் அது ஏணி. அதே படியில் அதிகக் கூலிக்கு நிற்க வைக்குமானால் அது வெறும் தூரம். எனக்குக் கிடைத்தது இரண்டாவது வகை.

ஆகவே இந்தக் கேள்வி கதவைத் தட்டும்போது, நேயர்கள் நாலு விஷயங்களை விசாரித்துக்கொள்வது நல்லது. அதிகச் சம்பளத்தில் செலவு போக மிச்சம் எவ்வளவு, அதை அதிகப்படி மணியால் வகுத்தால் எவ்வளவு என்பது முதல் விஷயம். இந்தப் பிரயாணம் எத்தனை வருஷத்துக்கு, அதன் முடிவில் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது. உட்கார்ந்து போகிற மணியா, நின்று போகிற மணியா என்பது மூன்றாவது. இது அற்பமாகத் தோன்றும், ஐம்பது வயதில் அற்பமல்ல. நாலாவது, இந்தத் தூரத்தை வீட்டில் இன்னும் யார் யார் சுமக்கப் போகிறார்கள், அவர்களைக் கேட்டாயிற்றா என்பது. முதல் மூன்றையும் காகிதத்தில் போட்டுவிடலாம். நாலாவதற்கு எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். சம்பளம் ஒருவர் பெயரில் வருகிறது. தூரத்துக்கு வீடு முழுவதும் கையெழுத்துப் போடுகிறது.

எங்கள் வீட்டில் கையெழுத்து விழவில்லை. நாலாயிரம் ரூபாய் உயர்வில் இரண்டாயிரத்தைப் பெண்ணின் பெயரில் பாங்கியில் போட ஆரம்பித்திருக்கிறோம். காலை ஆறு மணிக்கு அடி பம்பில் தண்ணீர் அடிக்கிறவன் நான்தான். குடம் ஒன்றுக்கு என்ன கூலி என்று என் மனைவி இன்னும் நிர்ணயிக்கவில்லை.